தராசுக்கு அடியில் கிடந்த அட்டை

மகளே,

ஐஸ்பெட்டியின் கதவில் நீ ஒட்டிவைத்திருக்கிற தாளுக்கு இது பதில். மூன்று மாதமாக அந்தத் தாள் அங்கே இருக்கிறது. நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் ‘கிடைத்தவை’, வலது பக்கம் ‘கிடைக்காதவை’. நம் லுத்தரன் சபையின் வரலாற்றை எழுத உனக்கு வேண்டிய பழைய ஏடுகள், கடிதங்கள், படங்கள் எல்லாவற்றையும் அதில் குறித்திருக்கிறாய். தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் வலது பக்கத்தின் முதல் வரியைப் படித்துவிட்டுத்தான் நான் கதவைத் திறக்கிறேன். ‘முதலாம் ஞானஸ்நானப் பதிவேடு. அப்போதைய செயலாளரின் கவனக்குறைவால் தொலைந்தது.’ தண்ணீர் இறங்குவதில்லை. டாக்டர் வேறு நிறையக் குடிக்கச் சொல்லியிருக்கிறார்.

இன்னும் பன்னிரண்டு நாளில் நீ தமிழ்நாட்டுக்குப் போகிறாய். தரங்கம்பாடிப் பக்கம் ஆறு மாதம், பிறகு ஜெர்மனி. அதற்கு முன் சபை வரலாற்றை அச்சுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கிறாய். சாப்பாட்டு மேஜையில் கிடந்த உன் பிரதியை நான் படித்தேன். கேட்காமல்தான் படித்தேன். ஐஸ்பெட்டிக் கதவில் ஒரு வரியாக இருந்தது புத்தகத்தில் ஒரு பத்தியாக வளர்ந்திருக்கிறது. அந்தப் பத்தி உண்மை இல்லை. பதிவேட்டைத் தொலைத்தவர் சலோமி டீச்சர் அல்ல. நான்.

சொல்லிவிட்டேன். இனி நீ மெதுவாகப் படிக்கலாம். என்னால்தான் மெதுவாக எழுத முடியவில்லை. ஓரிடத்தில் உட்கார்ந்து எழுதிய கடிதம் அல்ல இது. கொஞ்சம் பாகான் டாலாமில் நம் பழைய பேப்பர் ஸ்டோரில், பேப்பர்க் கட்டு ஒன்றை மேஜையாக்கி. கொஞ்சம் பட்டர்வொர்த்திலிருந்து வரும் ஃபெர்ரியில். கொஞ்சம் ஜெலுத்தோங் பாசாருக்கு வெளியே, உங்கம்மா மீன் வாங்கிக்கொண்டு வரும்வரை வண்டிக்குள். எங்கே உட்கார்ந்தாலும் பத்து நிமிஷத்தில் எழுந்துவிடுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் கடல் ஆட்டியது என்று வைத்துக்கொள். எல்லாக் கோணலும் கடலால் வந்தது இல்லை.

உன் கூட்டாளிகளிடம் நீ ‘அப்பா ரீசைக்கிளிங் பிசினஸ்’ என்பாய். நல்ல பெயர்தான். நான் தொடங்கியபோது அதற்கு அந்தப் பெயர் கிடையாது. மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி, அதன்மேல் ஒரு ஒலிபெருக்கி, அதில் மலாயிலும் தமிழிலும் நானே பதிந்த என் குரல்: ‘சூராட் காபார் லாமா, பழைய பேப்பர், பழைய புக்கு.’ டத்தோ கிராமாட்டில் எந்த வீட்டில் எந்தப் பேப்பர் வாங்குகிறார்கள், எந்த வீட்டில் வாங்கிப் பிரிக்காமலே போடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன் நான். படித்தவர்கள் படித்து முடித்ததை எடைபோட்டு வாங்கித்தான் உன்னைப் படிக்க வைத்தேன். தொழிற்சாலைக் கணக்காளர் வேலையை விட்டுவிட்டு சபை வரலாறு படிக்கப் போகிறேன் என்று நீ சொன்ன அன்று நான் கத்தியது உனக்கு மறந்திருக்காது. “அத வச்சி சோறு வருமா? செத்துப்போன கெழவனுங்க கதய எழுதவா ஒன்ன இவ்ளோ படிக்க வச்சேன்?” என்றேன். சோற்றைப் பற்றிய பயம் பாதிதான். நீ எந்த அலமாரியைத் திறக்கப் போகிறாய் என்று எனக்கு அன்றே தெரிந்துபோயிற்று. மீதிப் பாதி அந்தப் பயம்.

என் தொழிலில் முதலில் கற்றது ஒன்றைச் சொல்கிறேன், போகிற இடத்தில் உதவும். பேப்பர்க் கட்டை மேலாகப் பார்த்து வாங்கக்கூடாது. மேலே காய்ந்த நல்ல தாளாக அடுக்கியிருப்பான். நடுவில் ஈரத்தாளை வைத்திருப்பான். சில ஆள் செங்கல்லையே வைத்திருப்பான், எடை கூடும் அல்லவா. நடுவில் கையை விட்டுப் பார்க்கவேண்டும். ஈரம் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். அந்தக் காலத்து மிஷனெரிகள் தங்கள் ஊருக்கு அனுப்பிய அறிக்கைகள் அடுக்கடுக்காய் இருக்கின்றன என்று சந்தோஷப்படுகிறாய். அனுப்பிவைத்தவர்களுக்கு எழுதிய அறிக்கை அது; மேல்தாள் காய்ந்துதான் இருக்கும். கையை நடுவில் விடு. டீச்சரைப் பற்றி நீ எழுதியதற்கு ஆதாரம் நம் சபைக் கமிட்டியின் மினிட்ஸ் புத்தகம். அந்த மினிட்ஸ் எழுதப்பட்ட மேஜையில் நானும் இருந்தேன். அதன் நடுவில் செங்கல் வைத்தவன் நான்.

உனக்கு அப்போது பதினான்கு வயது. முதல் திருவிருந்துக்கு முன் நடக்கும் திடப்படுத்தலுக்காக ஞானோபதேச வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாய். எனக்குக் கமிட்டியில் இடம் கிடைத்து மூன்று மாதம். மேஜையைச் சுற்றி ஆசிரியர்கள், ரயில்வேயில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற தலைவர், ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். என்னுடையது கடைசி நாற்காலி, ஆனாலும் நாற்காலி. சலோமி டீச்சர் செயலாளர். தமிழ்ப் பள்ளியில் முப்பது வருஷம் பிள்ளைகளை மேய்த்தவர், அலமாரிச் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும். சபை தொடங்கிய நாளிலிருந்து யாருக்கு ஞானஸ்நானம் ஆனது, எந்த ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தார்கள், தாய் தகப்பன் யார், ஞானப் பெற்றோர் யார் என்பதெல்லாம் இருந்த பதிவேடு அந்த அலமாரியில். திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் பெயர் கொடுக்க வருகிறவர்களையும் அவர்தான் நோட்டில் எழுதுவார். அந்தப் பழைய வழக்கத்தைப் பற்றி நீ ஒரு அத்தியாயமே எழுதியிருக்கிறாய்: யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் போய்த் தீர்த்துவிட்டு வந்துதான் பெயர் கொடுக்கவேண்டும் என்பதை. நல்லா எழுதியிருக்கிறாய். ஒரு ஞாயிறு ஆராதனையில் நான் வேதபாடம் வாசித்தபோது ஒரு ஊர்ப் பெயரைத் தப்பாகச் சொல்லிவிட்டேன். டீச்சர் முதல் வரிசையில் உட்கார்ந்தபடியே, “தம்பி, அந்த வரிய மறுபடி வாசிங்க” என்றார். சபை முழுக்கக் காத்திருந்தது. வாசித்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

அந்த வருஷம் ஆலயத்துக்குப் பெயிண்ட் அடிக்க முடிவானது. போதகர் ஐயா அங்கி மாற்றும் சின்ன அறையில் கரையான். அலமாரியின் கீழ்த்தட்டு மண்ணாகிக் கிடந்தது. டீச்சர் துக்க காரியமாக ஈப்போவுக்குப் போயிருந்தார். சாவியைப் போதகர் ஐயாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். “லாரி நம்மகிட்ட இருக்குலா ஐயா, நானே காலி பண்ணித் தரேன்” என்று முன்வந்தவன் நான். கடைசி நாற்காலிக்காரன் தன்னைக் காட்டிக்கொள்ள லாரியைத் தவிர வேறு என்ன வைத்திருக்கிறான்? கரையான் அரித்த பத்திரிகைகள், கிழிந்த பாட்டுப் புத்தகங்கள், மக்கிப்போன ஏடுகள், எல்லாவற்றையும் சாக்கில் அள்ளினேன். அப்போதெல்லாம் ஃபெர்ரியில் வண்டியும் ஏறும். அக்கரைக்குக் கொண்டுபோய் ஸ்டோரில் மற்றக் கட்டுகளோடு சேர்த்தேன். பதிவேடு அதற்குள் இருந்தது தெரியாமல் மில்லுக்கு அனுப்பிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவள் அம்மாவின் ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். அலமாரியைத் திறந்தால் பதிவேடு இல்லை. கமிட்டி கூடியது. தலைவர் முதலில் என்னைத்தான் கேட்டார்.

“தம்பி, லாரில ஏத்துனது நீங்கதான. அந்தப் பெரிய புக்கு கண்ணுல பட்டுச்சா?”

“நான் அள்ளுனது கரையான் பேப்பர்தாண்ணே” என்றேன்.

 அடுத்த ஐந்து விநாடியில் நான் இன்னொரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அதற்குள் யாரோ ஒருவர், டீச்சர் அந்தப் புத்தகத்தைப் படியெடுக்க வீட்டுக்குக் கொண்டுபோவது உண்டே என்று ஆரம்பித்தார். டீச்சர் ஆமாம் என்றார். “போன வருஷம் எடுத்துட்டுப் போனேன். கொஞ்ச பக்கம் எழுதுனேன். திருப்பிக் கொண்டாந்து வச்சேன்னுதான் நெனைக்கிறேன்.”

“நெனைக்கிறீங்களா, நிச்சயமாத் தெரியுமா டீச்சர்?”

முப்பது வருஷம் பிள்ளைகளிடம் அதே கேள்வியைக் கேட்டவர் அவர். வாயைத் திறந்தார். மூடினார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. மினிட்ஸில் எழுதிக்கொண்டார்கள். எழுதியதே டீச்சர்தான். தன்னைப் பற்றிய அந்த வரியைத் தன் கையாலேயே, அந்த அழகான எழுத்தில் எழுதினார். நீ அதைத்தான் ஆதாரம் என்று எடுத்துக்கொண்டாய். உன்மேல் தப்பில்லை. ஆனால் அதே பக்கத்தில் நாலு வரி மேலே இன்னொன்றும் இருக்கிறது பார்: அலமாரியில் பழைய தாள்களே இருந்ததாக ஓர் உறுப்பினர் தெரிவித்தார் என்று. பழைய ஏடுகளைப் படிக்கும்போது நீளமாகப் பேசியவனை விட்டுவிடு. கேட்ட கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்தவன் யார் என்று தேடு.

அந்த அறையை விட்டு வெளியே வந்தபோது எனக்குப் பயமாக இருந்தது. இன்னொன்றும் இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. மறுபடி வாசிங்க என்று சொன்னவரே தடுமாறி நின்றதைப் பார்த்ததில் வந்த சந்தோஷம். ஒரு கரண்டி அளவுதான், ஆனால் இருந்தது. அதை மறைத்துவிட்டு மீதியைச் சொன்னால் மேல்தாளைக் காட்டுகிற வேலைதான்.

மூன்று வாரத்தில் உன் திடப்படுத்தல். வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டு சபைக்கு முன்னால் நின்றாய்; பத்துக் கட்டளைகளான கற்பனைகளைப் பிள்ளைகள் ஆளுக்கொன்றாய் அர்த்தத்தோடு ஒப்பித்தீர்கள். பொய்ச்சாட்சியைப் பற்றிய எட்டாம் கற்பனை உன் பங்குக்கு வந்தது. ஒரு சொல் பிசகாமல் சொன்னாய். உன் அம்மா அழுதாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அன்றைக்குத்தான் உன் முதல் திருவிருந்து. எல்லாப் பிள்ளைகளுக்கும் பக்கத்தில் அப்பா அம்மா இருவரும் முழங்காலில் இருந்தார்கள். உன் பக்கத்தில் அம்மா மட்டும். “எங்கப்பா போனீங்க?” என்று கேட்டாய். லாரி டயரில் காற்று இல்லை என்றேன். லாரி நன்றாகத்தான் இருந்தது. அதன் நிழலில் நின்று கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு மாதத்தின் முதல் ஞாயிறு வந்தால் எனக்கு அலோர் ஸ்டாரில் சரக்கு எடுக்கப் போக வேண்டியிருக்கும். நீயே கேலி செய்வாய், “அப்பாவுக்கு அலோர் ஸ்டார்ல சின்ன வீடு இருக்கு” என்று. அங்கே எனக்குச் சரக்குத் தருகிற கடை ஒன்றுகூடக் கிடையாது. காப்பிக் கடையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வருவேன்.

இங்கே ஒன்றைத் திருத்தவேண்டும். மேலே, பதிவேடு இருந்தது ‘தெரியாமல்’ அனுப்பினேன் என்று எழுதியிருக்கிறேன். அடித்துவிடலாம் என்று பேனாவை வைத்தேன், அடிக்காமல் விட்டேன். உண்மையைச் சொல்லப் புறப்பட்ட கடிதத்துக்குள்ளேயே பொய் எப்படிச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்காருகிறது என்று நீ பார்க்கவேண்டும். தோலும் துணியும் ஒட்டிய அட்டையை மில்லில் எடுக்கமாட்டார்கள். தாளை விட்டு அட்டையைக் கிழித்துத் தனியாகப் போடவேண்டும். அந்தப் புத்தகத்தின் அட்டையை நானே கிழித்தேன். கிழிக்கும் முன் திறந்து பார்த்தேன். மை பழுப்பாகிப்போன கையெழுத்து. பெயர்கள், பக்கத்தில் தோட்டத்தின் பெயர்கள். ஒரு வரியில், பிள்ளையின் பெயருக்கு நேராக, ‘கப்பலில் பிறந்தது’ என்று இருந்தது. இதை யாரோ பத்திரமாக எழுதி வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. மில் லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். இதையெல்லாம் எவன் படிக்கப் போகிறான் என்று நினைத்தேன். நீ படிப்பாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒருநாள் கப்பலில் பிறந்தவர்களின் கதையைத் தேடி என் மகளே கடல் தாண்டிப் போவாள் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அந்தத் தாள்கள் என்ன ஆயின என்று கேட்பாய். அந்த மில்லில் முட்டைத் தட்டு செய்வார்கள். பாசாரில் முட்டை வாங்கும்போது உங்கம்மா தட்டைப் புரட்டிப் பார்ப்பாள், உடைந்ததா என்று. நானும் பார்ப்பேன், வேறு காரணத்துக்கு. அட்டை கனமாக இருந்தது. ஸ்டோரில் பெரிய தராசின் ஒரு கால் எப்போதும் ஆடும். அதன் அடியில் வைத்தேன். ஆட்டம் நின்றது. பதினைந்து வருஷம் அங்கேயே இருந்தது.

டீச்சர் அந்த வருஷமே செயலாளர் வேலையை விட்டார். நீ அதை ‘பொறுப்பேற்று விலகினார்’ என்று எழுதியிருக்கிறாய். நடுவில் கையை விட்டால் என்ன இருக்கிறது தெரியுமா? அவர் தன் வீட்டைத் தலைகீழாய்ப் புரட்டித் தேடினார். மெத்தையைக் கிழித்துப் பார்த்தார். பஸ்ஸில் விட்டிருப்பேன் என்று பஸ் டிப்போவுக்குப் போய் நின்றார். அவர் சொல்லாமலே அவர் பிள்ளைகள், அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள். ஒருநாள் அடுப்பில் பால் பொங்கியது. எந்த வீட்டில் பொங்கவில்லை? அவர் வீட்டில் பொங்கியதும் காஸ் அடுப்புப் பக்கம் போகாதே என்றார்கள். பிறகு வீட்டுச் சாவியையும் வாங்கிக்கொண்டார்கள். எனக்கு இதெல்லாம் தெரியும். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் முறுக்கு டப்பாவோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தவன் நான்தானே.

ஸ்டோரின் பின்னறையை நான் யாருக்கும் திறந்து காட்டியதில்லை. உனக்குத் திறக்கிறேன், சாவி இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. அந்தக் கமிட்டிக் கூட்டத்துக்குப் பிறகு என் லாரியில் வந்த கிறிஸ்தவத் தமிழ்ப் புத்தகம் ஒன்றுகூட மில்லுக்குப் போகவில்லை. வீடு காலி செய்கிறவர்கள், பெரியவர் இறந்துபோன வீடுகள், மூடிவிட்ட தோட்டத்துக் கோயில்கள், எங்கிருந்து வந்தாலும் எடுத்து வைத்தேன். வேதாகமத்தின் முன்பக்கத்தைப் பார். பிள்ளைகள் பிறந்த நாளை அங்கேதான் எழுதுவார்கள். பாட்டுப் புத்தகங்களில் பெயரும் தோட்டமும் இருக்கும். சாவு அறிவிப்புத் தாள்கள் ஒரு பெட்டி, அதில் இறந்தவரின் சம்பந்திவரை பெயர் போட்டிருக்கும். திடப்படுத்தல் சான்றிதழ்கள் சட்டத்தோடு கிடக்கின்றன, கண்ணாடி உடைந்திருக்கும், கை வெட்டிக்கொள்ளாதே. ஒரு உபதேசியார் தோட்டம் தோட்டமாக நடந்து எழுதிவைத்த நோட்டு இருக்கிறது, எண்ணெய்க்கறை, ஆனால் வாசிக்கலாம். பதிவேட்டுக்கு இது ஈடாகாது. சிதறியதைப் பொறுக்கியது பொறுக்கியதுதான். நீ லைப்ரரி லைப்ரரியாக அலைந்து ‘கிடைக்காதவை’ என்று எழுதியதில் பாதி உன் அப்பாவின் ஸ்டோரில் கிடக்கிறது. இத்தனை நாள் ஏன் தரவில்லை என்று கேட்காதே, உனக்கே தெரியும். இதை எப்போதிருந்து சேர்க்கிறீர்கள் அப்பா என்று ஒரு கேள்வி கேட்பாய். அதற்கு அடுத்த கேள்வி, ஏன்.

போன வாரம் உங்கம்மாவிடம் முதலில் சொன்னேன். மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை. “அப்ப வருஷா வருஷம் மொத டப்பா முறுக்கு டீச்சர் வீட்டுக்குப் போனது இதுக்குத்தானா? நான் என்னமோ ஒங்களுக்கு மனசு பெருசுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.” கொஞ்ச நேரம் செதிலைச் சுரண்டினாள். “மககிட்ட சொல்றதுக்கு முன்னாடி அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க. வரிசைன்னு ஒன்னு இருக்குல்ல” என்றாள்.

தராசின் காலைத் தூக்கி அட்டையை எடுத்தேன். பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு ஃபெர்ரி ஏறினேன். ஜார்ஜ் டவுனில் இறங்கி டீச்சர் வீட்டுக்குப் போகிற டத்தோ கிராமாட் பஸ் வரும்வரை நின்றேன். பஸ் வந்தது, கதவு திறந்தது, மூடிக்கொண்டு போனது. அட்டையை வீட்டுக்கும் கொண்டுபோக முடியாது, நீ இருக்கிறாய். அடுத்த ஃபெர்ரியில் திரும்பிப்போய் ஸ்டோரில் வைத்தேன். மறுநாளும் அதே கதை. டிக்கெட் சோதிக்கிற மலாய்க்காரத் தம்பி என்னை மாமா முறை வைத்துச் சிரித்தான், பாக்சிக், கடல் காற்று வாங்க வருகிறீர்களா என்று. மூன்றாம் நாள் அவன் முகத்தில் மறுபடி விழிக்கக் கூச்சப்பட்டே பஸ்ஸில் ஏறிவிட்டேன் என்று சொன்னால் நம்பு.

டீச்சர் முன்னறையில் நாற்காலியில் இருந்தார். “என்ன தம்பி, கிறிஸ்மஸுக்கு இன்னும் நாள் கெடக்கே. முறுக்கு சீக்கிரமா சுட்டுட்டாங்களா?” என்றார். நான் பையைப் பிரித்து அட்டையை அவர் மடியில் வைத்தேன். மேலே ஒட்டியிருந்த சீட்டில் அவருடைய கையெழுத்து, பாதி உரிந்து, மீதி இருந்தது. விரலால் தடவினார்.

“இது நான் ஒட்டுன சீட்டு.”

“ஆமா டீச்சர்.”

“எங்க இருந்துச்சு?”

“என் ஸ்டோர்ல. தராசுக்கு அடியில.”

“உள்ள இருந்தது?”

“மில்லுக்குப் போயிருச்சு. பெயிண்ட் அடிச்ச வருஷம். நான்தான் கிழிச்சேன். தெரிஞ்சேதான் கிழிச்சேன்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. அட்டையையே பார்த்துக்கொண்டு, ஏதோ வாய்ப்பாடு சரிபார்க்கிற மாதிரிக் கேட்டார். “அப்ப நான் வீட்டுல தொலைக்கல.” இல்ல டீச்சர். “பஸ்ல விடல.” இல்ல டீச்சர். “கொண்டாந்து வச்சேன்னு சொன்னேன்ல. வச்சிருந்தேன்.” வச்சிருந்தீங்க. உள்ளே திரும்பி மருமகளைக் கூப்பிட்டார். “இங்க வா. வந்து இதப் பாரு. ஒம் மாமியாருக்கு மறதி இல்ல. என் வீட்டுச் சாவியக் கொண்டாந்து குடு.” அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். சாவி வந்தது. டீச்சர் அதை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து அடுப்படிக்குப் போனார். மருமகள் பின்னாலேயே ஓட, “நீ உக்காரு” என்று குரல் வந்தது. காஸ் பற்றும் சத்தம் கேட்டது. தேயிலை போட்டுத் தே கலக்கி அவரே எடுத்துக்கொண்டு வந்து வைத்தார். ஒரு வாய் குடித்தேன். கசந்தது.

“சீனி போட மறந்துட்டேன்னு நெனைக்காத” என்றார். “வேணும்னேதான் போடல.”

அதுவரை என்னை ‘நீங்க’ என்றே பேசி வந்தவர். முழுவதையும் குடித்தேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவருடைய பதினைந்து வருஷத்தைத் தின்றுவிட்டு அந்த வார்த்தையைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வாசல்வரை வந்து ஒன்று சொன்னார். “என்கிட்ட சொன்னது பத்தாது. எம் பேரு எழுத்துல இருக்கு, மினிட்ஸ்ல. ஒம்மக புஸ்தகத்துலயும் வருதாம். எழுத்துல ஏறுனத எழுத்தாலதான் எறக்கணும். நீ எழுது.”

அதனால் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை உன் புத்தகத்தின் பின்னிணைப்பில் போடு. அந்தப் பத்தியை எடுத்துவிடு. எடுத்த இடத்தில் நடந்ததை எழுதி, அடிக்குறிப்பில் என் பெயரை முழுதாகப் போடு, ஞானஸ்நானப் பெயரோடு. ஆதாரம் என்ன என்று கேட்டால், செய்தவனின் வாக்குமூலம் என்று எழுது. ‘என் தந்தை’ என்று போடாதே, படிக்கிறவன் இரக்கப்பட்டுவிடுவான். இன்னொன்று. ‘கிடைத்தவை’ பக்கத்தில் முதல் வரியாக, பதிவேட்டின் முதல் பன்னிரண்டு பக்கத்தின் நகல், எழுதியவர் தெரியவில்லை என்று வைத்திருக்கிறாய். அதையும் மினிட்ஸ் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். உனக்குக் கிடைத்தது எல்லாம் அவர் காப்பாற்றியது. கிடைக்காதது நான் கிழித்தது. அட்டை இப்போது டீச்சரிடம் இருக்கிறது. கேட்டுப் பார், தரமாட்டார்.

எனக்கு என்னைத் தெரியும். கடைசி நிமிஷத்தில் இதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று ஃபெர்ரி ஏறிவிடுவேன். அதனால் இதுவரை எழுதியதன் நகலை நேற்றே டீச்சரிடம் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபைக்கு முன் அவரே வாசிப்பார். பிழை இருந்தால் திருத்தி வாசிப்பேன் என்று சொல்லியிருக்கிறார். ஐஸ்பெட்டிக் கதவில் உன் தாளில் அந்த வரியை அடித்துவிட்டு என் பேனாவால் உண்மையை எழுதியும் வைத்துவிட்டேன்.

இந்த ஞாயிறு திருவிருந்து. அலோர் ஸ்டாரில் சரக்கு இல்லை. இப்போதெல்லாம் வாட்ஸாப்பில் கட்டைவிரல் படம் போட்டால் பெயர் கொடுத்தாகிவிட்டது. டீச்சர் இன்று காலை போன் செய்தார். “ஒம் பேர வாட்ஸாப்புல எடுக்கக் கூடாதுன்னு செயலாளர்கிட்ட சொல்லிட்டேன். சனிக்கிழமை அஞ்சு மணிக்கு நேர்ல வா. நோட்டு என் கையில இருக்கும்” என்றார். எழுதுவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கேட்கலாம் என்று வாயெடுத்தேன், போனை வைத்துவிட்டார். நான் போய் அவர் முன் நிற்பேன். என் பெயரைச் சொல்லும்போது பேனாவைத் திறப்பாரா, மூடிவைப்பாரா, தெரியாது. நீயும் வா. இத்தனை நாள் மற்றவர்கள் எழுதிவைத்ததை நம்பித்தான் நீ எழுதினாய். இந்த ஒன்றையாவது உன் கண்ணால் பார்த்து எழுது.

அப்பா